வெள்ளைத் துணிக்கு அடியில்

மனிதன் சந்திரனில் இறங்கிய வருஷம் அது. அவன் அங்கே கல் பொறுக்கிக்கொண்டிருந்த அதே ஆடி மாதத்தில், திருப்பூரில் ஒரு பொம்மையைத் துணி போட்டு மூடிவிட்டு, அது எங்கே போயிற்று என்று நடை பழகும் குழந்தைகளிடம் விசாரணை நடந்தது. சந்திரன் சமாச்சாரம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. பொம்மை சமாச்சாரம் எதிலும் வரவில்லை. ஆனால் வேலாத்தாளின் பிழைப்பில் கை வைத்தது இந்த இரண்டாவதுதான்.

வேலாத்தாளுக்கு ரத்தினசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து முடிந்து வரும் பீஸை மேஜைமேல் விரித்து, ஓட்டை இருக்கிறதா, நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, மடித்து அடுக்க வேண்டும். பனியன் கம்பெனிக்காரர்களுக்குச் சாமியும் வெள்ளைத் துணிதான், பேயும் வெள்ளைத் துணிதான். ஒரு விரல் ரேகை பட்டால் போதும், அந்த பீஸ் டேமேஜ். தொட்டவளுக்குக் கூலியில் பிடித்தம், மேஸ்திரியின் வாயால் அர்ச்சனை. வேலாத்தாள் காலையில் உள்ளே வந்ததும் கை கழுவுவாள், பல்லிடுக்கில் எதையாவது எடுத்துவிட்டாலும் கழுவுவாள், சும்மா இருந்தாலும் ஒரு நடை போய்க் கழுவிவிட்டு வருவாள்.

ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று சட்டம். ரத்தினசாமி முதலாளி சட்டத்தை மதிக்கிறவர், அதாவது இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு. பஞ்சு வேஸ்ட் போட்டுவைத்திருந்த அறையைக் கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்து, உத்தரத்தில் நாலு தூளி கட்டி, பழனாயி என்ற ஆயாவைக் காவலுக்கு உட்காரவைத்து, அதற்குத் ‘தொட்டில் ரூம்’ என்று பெயரும் வைத்துவிட்டார். அந்த அறைக்கும் செக்கிங் ஹாலுக்கும் நடுவில் இடுப்பளவு பலகை ஒன்றுதான் தடுப்பு. அதிலும் ஒரு பலகை எப்போதும் விழுந்து கிடக்கும். அந்தப் பக்கம் பிள்ளைகள், இந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு வெள்ளை வெளேரென்று பனியன் அடுக்கு.

ஆகவே அந்த அறைக்கு வரும் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தரும் பாடம் வெள்ளைத் துணியைத் தொடாதே என்பது. அம்மா என்று சொல்வதற்கு முன்னாலேயே இது ஆரம்பமாகிவிடும். தவழ்ந்து போய்த் துணியில் கை வைத்தால் மணிக்கட்டில் ஒரு தட்டு, ‘சூடு’ என்று ஓர் அதட்டல். கொஞ்ச நாளில் பிள்ளைக்குத் தட்டத் தேவையிருக்காது. வெள்ளைத் துணியைக் கண்டதும் இரண்டு கையையும் தானாகவே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். கம்பெனிக்கு வந்துபோகும் பெரிய மனிதர்கள் இதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று ஆச்சரியப்படுவார்கள். முதலாளிக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

வேலாத்தாளின் மகன் கன்னையனுக்கு ஒன்றரை வயது. இந்தப் பாடத்தில் அவன்தான் முதல் மாணவன். குளிப்பாட்டித் துவட்ட வெள்ளைத் துண்டை எடுத்தால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நிற்பான்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மனசைப் படித்த டாக்டர். ஏழை நாடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவு எப்படி வளர்கிறது என்று எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்து அளக்கிறார்களாம். ஆப்பிரிக்காவில் அளந்தாயிற்று, தென் அமெரிக்காவில் அளந்தாயிற்று, இனித் திருப்பூர்தான் பாக்கி. அந்த அளவுகோல் ஒரு தோல் பெட்டிக்குள் இருந்தது. அதில் மரக்கட்டைகள், ஒரு மணி, மஞ்சள் முடி வைத்த பொம்மை, பனியில் நிற்கிற மனிதர்களின் படப் புத்தகம், ஒரு முள்கரண்டி, மடித்து வைத்த வெள்ளைத் துணி ஒன்று. பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரே மாதிரி எல்லா நாட்டுக்கும் போயிருக்கிறது என்பதில் டாக்டரம்மாவுக்கு அப்படியொரு பெருமை. சீமையில் தைத்த சட்டையை நம் ஊர்ப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குத்தான் கை குட்டை என்று எழுதிவைக்கிற சாமர்த்தியம் படித்தவர்களுக்கு மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

முதலாளிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், முதலில் பால் பவுடர் டின்கள். ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்த கம்பெனியின் பிள்ளைகளுக்கு இலவசமாக வந்தவை. அவற்றில் பாதி தொட்டில் ரூமுக்கும் பாதி முதலாளி வீட்டுக் காப்பிக்கும் போயின. இரண்டாவது, அடுத்த மாதம் வெளிநாட்டிலிருந்து பிளெட்சர் என்று ஒரு பெரிய டாக்டர் நேரில் வந்து பார்க்கப்போகிறார் என்ற செய்தி. ரத்தினசாமி முதலாளிக்கு அதுவரை மொத்தமாகச் சரக்கு வாங்குகிற கல்கத்தா பார்ட்டிதான் எல்லை. வெள்ளைக்காரர் ஒருவர் கம்பெனிக்குள் காலெடுத்து வைத்து, நம்முடைய பனியனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால், அப்புறம் கப்பல் கப்பலாக அனுப்ப வேண்டியதுதானே என்று அவர் கணக்குப் போட்டார். டாக்டர் பனியன் வியாபாரி இல்லையே என்று அவர் மகன் சொன்னதற்கு, அவரும் பனியன் போடுவாரல்லவா என்றார்.

பரீட்சை நாள் வந்தது. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாகப் பிள்ளையோடு போய் உட்கார வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. வேலாத்தாளின் முறை வந்தபோது அவள் கன்னையனுக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவி, கன்னத்தில் பொட்டும் வைத்துக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா ஒரு மரக்கட்டையை நீட்டினாள். கன்னையன் கட்டையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். வெளியாள் ஏதாவது கொடுத்தால் அம்மா ‘வாங்கிக்க சாமி’ என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் வாங்க வேண்டும். அம்மாவின் வாய்தான் பூட்டிக் கிடக்கிறதே. அவன் வாங்கவில்லை. கட்டை இருந்த இடத்தில் மணி வந்தது, பொம்மை வந்தது. அவன் எதையும் வாங்கவில்லை. படத்தைக் காட்டிக் கையுறை எது என்று கேட்டாள். பனியன் ஊரில் கையுறையைக் கண்டவர் யார், டாக்டரம்மாவே போட்டதில்லை. கடைசியில் அவன் கண் எதிரிலேயே பொம்மையை வைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாள். கன்னையனின் இரண்டு கையும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயின.

“சூடு” என்றான். அந்த அரைமணி நேரத்தில் அவன் பேசியது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா துணியைத் தொட்டுப் பார்த்தாள். அது சூடாக இல்லை. குளிர்ந்த பொருளைச் சூடு என்கிறான், மறைத்த பொருளைத் தேடவில்லை, பொருள் கண்ணை விட்டு மறைந்தால் அது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கிறான் என்று எழுதிக்கொண்டாள்.

வெள்ளைத் துணியில் அன்றைக்கு அத்தனை பிள்ளைகளும் தோற்றன. வரிசையாக எல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன. இப்படி ஓர் ஊரே ஒரே மாதிரி தோற்றால், பெட்டியில் ஏதாவது கோளாறோ என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தோன்றியது வேறு. பஞ்சுத் தூசி மூளை வளர்ச்சியைத் தடுக்கிறதோ என்று தோன்றி, அன்றிரவே பிளெட்சருக்குத் தந்தி கொடுத்தாள். வேலாத்தாளுக்கும் மற்ற தாய்மார்களுக்குமாவது விளங்கியதா என்றால், அதுவும் இல்லை. வெள்ளைத் துணியைத் தொடாமல் இருப்பது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மூச்சை யார் கவனிக்கிறார்கள்.

மற்ற பிள்ளைகள் மணியை ஆட்டியும் பொம்மையின் முடியைப் பிடுங்கியும் எப்படியோ தப்பித்துவிட்டன. எல்லாவற்றிலும் தோற்றவன் கன்னையன் ஒருவன்தான். முதலாளி வேலாத்தாளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கழுத்தில் கத்தி வைத்தாலும் கத்தியைச் சந்தனத்தில் தோய்த்துத்தான் வைப்பார்.

“மனசுல ஒண்ணும் வெச்சுக்காத கண்ணு. பையன் கொஞ்சம் மந்தமுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அந்த மாதிரிப் பையனைத் தனியா ஆள் போட்டுப் பாக்கோணுமாமா. நம்ம ரூமுல அதுக்கு வசதி ஏது, நீயே சொல்லு.”

“அவனுக்கு எல்லாந் தெரியுமுங்க. ஊட்ல நல்லாத்தான் வெளையாடறானுங்க” என்றாள் வேலாத்தாள்.

“ஊட்ல எல்லாப் பையனும் கெட்டிக்காரந்தான் கண்ணு.”

அடுத்த மாதம் வெள்ளைக்கார டாக்டர் வரும்போது இன்னொரு தரம் பார்ப்பார்கள், அப்போதும் இப்படியே இருந்தால் பையனைத் தொட்டில் ரூமில் வைத்துக்கொள்ள முடியாது என்று முதலாளி சொல்லி அனுப்பினார். வேலாத்தாளின் புருஷன் நஞ்சப்பன் லாரியில் கிளீனர். போன லாரி எப்போது திரும்பும் என்பது அந்த லாரிக்கே தெரியாது. சேவூரில் இருக்கிற அம்மா விடிந்தால் காட்டில் களை வெட்டப் போகிறவள். மாமியார் வீட்டில் கல்யாணத்தன்று வந்த மனத்தாங்கல் இன்னும் அப்படியே இருக்கிறது. கன்னையனுக்கு ரூம் இல்லையென்றால் அவளுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதைவிடப் பெரிய வலி ஒன்றும் இருந்தது. மந்தம் என்ற சொல் அவளை விடவேயில்லை. பிள்ளை சிரித்தால், இது சரியான சிரிப்புதானா என்று பார்த்தாள். தூங்கினால், இவ்வளவு தூங்கலாமா என்று பார்த்தாள். பெற்ற பிள்ளையைச் செக்கிங் மேஜைமேல் போட்டு டேமேஜ் தேடுகிற மாதிரி ஆகிவிட்டது என்று நினைத்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் தானே பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தாள். ஒரு துண்டு அச்சு வெல்லத்தை எடுத்துச் சேலை முந்தானைக்கு அடியில் ஒளித்தாள். கன்னையன் முந்தானையைப் பிடுங்கி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டான். சொம்புக்கு அடியில் ஒளித்தாள், சொம்பை உருட்டிவிட்டு எடுத்துக்கொண்டான். அரிசி முறத்துக்கு அடியில் வைத்தாள், முறம் போன இடம் தெரியவில்லை. வேலாத்தாளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசியாக, டாக்டரம்மா செய்த மாதிரியே செய்துவிடுவோம் என்று, நஞ்சப்பனின் வெள்ளைப் பனியனை எடுத்து வெல்லத்தின்மேல் போட்டாள்.

கன்னையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்குப் பொட்டில் அடித்த மாதிரி விளங்கியது. தோற்றது பிள்ளை இல்லை. அவள் கற்றுக்கொடுத்ததைப் பிள்ளை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறான். மறுநாள் முதல் வேலையாகப் பழனாயியிடம் சொல்லி, டாக்டரம்மாவிடம் எடுத்துச் சொல்லக் கெஞ்சினாள். வேறு எந்தக் கலர்த் துணியாக இருந்தாலும் பையன் எடுத்துவிடுவான், பச்சையோ நீலமோ போட்டுப் பார்க்கச் சொல் என்றாள்.

பழனாயி போய்ச் சொன்னாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், சிரித்தாள்கூட. தாய்க்குத் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது என்று அதற்கும் ஒரு பெயர் சொன்னாள். துணியை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்றாள். எல்லா நாட்டிலும் அதே துணி, அதே அளவு, அதே மடிப்பு. திருப்பூரில் மட்டும் பச்சைத் துணி போட்டால், திருப்பூர்ப் பிள்ளையையும் ஆப்பிரிக்கப் பிள்ளையையும் எப்படி ஒப்பிடுவது என்று பழனாயியிடமே கேட்டாள். ஆப்பிரிக்கப் பிள்ளையின் அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாளா என்று கேட்கப் பழனாயிக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

துணி மாறாது என்றால் பிள்ளைதான் மாற வேண்டும். வேலாத்தாள் தினமும் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், நஞ்சப்பனின் பனியனை விரித்து அதற்கடியில் வெல்லத்தை வைத்தாள். முதலில் அவளே எடுத்துக் காட்டினாள். அவன் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்தாள். அவன் பயந்து கையை உருவிக்கொண்டான். அவள் சிரித்தாள், கொஞ்சினாள், “சூடு இல்ல சாமி, சூடு இல்ல, எடு” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. எத்தனையோ தட்டுத் தட்டி உள்ளே ஏற்றியதை ஒவ்வொரு முத்தமாகக் கொடுத்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. தட்டினபோது இவ்வளவு நேரம் ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கன்னையன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலால் துணியின் ஓரத்தைத் தொட்டான். அடி விழவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். வெல்லம் இருந்தது. அவன் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. கொடியில் காய்கிற வேட்டியை இழுத்தான். அவிநாசிக் கோயிலுக்குப் போன இடத்தில், பக்கத்தில் நின்ற பெரியவரின் வேட்டியை இழுத்து, வெல்லம் இருக்கிறதா என்று பார்த்தான். வேலாத்தாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். உள்ளுக்குள் கொள்ளைச் சந்தோஷம். கம்பெனியில் மட்டும் பழனாயி அவனைத் தூளியை விட்டு இறக்காமல் பார்த்துக்கொண்டாள்.

ஆவணியில் பிளெட்சர் வந்தார். ஆறடி உயரம், வெயிலில் வெந்த தக்காளி நிறம். முதலாளி வாசலில் வாழைமரம் கட்டி, போட்டோக்காரரை வரவழைத்து, ரோஜா மாலையோடு நின்றார். கன்னையனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தோற்ற பிள்ளையைப் பெரிய டாக்டர் நேரில் பார்க்க ஆசைப்பட்டாராம்.

வேலாத்தாள் போய் உட்கார்ந்தாள். டாக்டரம்மா பொம்மையை வைத்து, வெள்ளைத் துணியால் மூடினாள். கன்னையன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. துணியை உருவி எறிந்தான். பொம்மையைத் தூக்கிப் பார்த்தான், அது வெல்லம் இல்லை என்று தெரிந்து அதையும் எறிந்தான். பிளெட்சர் எழுந்து நின்று கை தட்டினார். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே மாதம், பால் பவுடர், என்ன மாற்றம் என்று இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். வேலாத்தாளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த முகங்களைப் பார்த்தே புரிந்துவிட்டது. முருகா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுடைய வாழ்நாளில் அவள் மிகவும் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான். அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது.

பிளெட்சர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லெட்டை எடுத்து நீட்டினார். “வாங்கிக்க சாமி” என்றாள் வேலாத்தாள், பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்ற தைரியத்தில். திருப்பூர் வெயிலில் அது காகிதத்துக்குள்ளேயே குழம்பாகியிருந்தது. கன்னையன் பாதியைத் தின்றான், மீதியைக் கையில் பிசைந்தான்.

முதலாளி காத்திருந்த நேரம் வந்தது. பெரிய டாக்டரை அப்படியே செக்கிங் ஹாலுக்கு அழைத்துப்போனார். கல்கத்தா பார்ட்டிக்கு அன்று சாயங்காலம் லாரி ஏற வேண்டிய சரக்கு முழுவதும் பார்வைக்காகவே நடு ஹாலில் பாய் விரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒன்றை எடுத்து டாக்டர் கையில் கொடுக்க முதலாளி குனிந்தார். டாக்டரோ பனியனைப் பார்க்கவில்லை. பழனாயி இடுப்பில் இருந்த கன்னையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கீழே விடுங்கள், பிள்ளை தன் இஷ்டத்துக்கு எப்படி உலகத்தை ஆராய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். டாக்டரம்மா அதைத் தமிழில் சொன்னாள். பழனாயி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி, டாக்டர் கேட்டு இல்லை என்று சொல்வதா என்று நினைத்து, விடு என்று தலையாட்டினார்.

கன்னையன் தரையில் நின்றான். எதிரில் வெள்ளைத் துணி, மலை மாதிரி. அத்தனை துணிக்கு அடியில் எவ்வளவு வெல்லம் இருக்கும் என்று அவன் மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். தத்தித் தத்தி நேராகப் போனான். சாக்லெட் கையால், எட்டிய பனியனை இழுத்தான். அடியில் இன்னொரு பனியன் இருந்தது. அதை இழுத்தான். அதற்கடியிலும் பனியன்.

“சாமி, வேண்டாம்” என்று வேலாத்தாள் ஓரடி முன்னால் வைத்தாள். பிளெட்சர் கையை உயர்த்தித் தடுத்தார். பிள்ளை தேடுகிறது, யாரும் குறுக்கே வரக் கூடாது, விடாமல் முயல்கிறது பாருங்கள் என்று அவருக்கு வாயெல்லாம் பல். முதலாளியும் சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் எதிரில் நிற்கிறாரே, அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது. ஒவ்வொரு பீஸிலும் ஐந்து விரலும் அச்சு அச்சாக விழுந்தன. கீழேயிருந்து உருவ உருவ, ஆளுயர அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம் நின்று மற்ற பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. கன்னையனுக்கு அடி விழவில்லை. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அந்தத் தக்காளி நிற மனிதர் கை தட்டுகிறார். பழனாயி பிளெட்சரிடம் கேட்டு அவர்களுக்கும் ஆளுக்கொரு சாக்லெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். விழுந்து கிடந்த பலகை வழியாக முதலில் ஒரு பெண் பிள்ளை வந்தது. அதன் பின்னால் மீதி எல்லாம் வந்தன. டாக்டரம்மா அவசர அவசரமாகக் குறிப்பு எழுதினாள். பிளெட்சர் குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சாக்லெட் பனியன் ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். முதலாளியின் பனியன் வெள்ளைக்காரர் மேல் ஏறியது அந்த ஒரு தடவைதான்.

வேலாத்தாள் சுவரோடு சுவராக நின்றாள். அந்த பீஸ்களில் பாதி அவளே பார்த்து மடித்தவை.

கார் கிளம்பி, வாழைமரத்தை அவிழ்த்த பிறகு, முதலாளி அவளைக் கூப்பிட்டார். அப்போதும் குரல் உயரவில்லை.

“பையன் வெகு கெட்டிக்காரன்னு டாக்டரே சொல்லீட்டாரு. சந்தோசம் கண்ணு. தொட்டில் ரூமுல அவனுக்கு எப்பவும் எடம் உண்டு.” கொஞ்சம் நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனா ரூமு இங்க வேலை செய்யறவங்க பிள்ளைகளுக்குத்தான். நீ நாளையிலிருந்து வர வேண்டாம்.”

துணியை எடுக்காவிட்டால் மந்தம் என்றீர்கள், எடுத்தால் வேலை இல்லை என்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “செரீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் போய்க் கை கழுவிவிட்டு வெளியே வந்தாள்.

பிளெட்சரின் ஆராய்ச்சி பிற்பாடு வழவழப்பான காகிதத்தில் அச்சாகி வந்தது. பால் பவுடரால் பனியன் தொழிலாளர் பிள்ளைகளின் அறிவு ஒரே மாதத்தில் கிடுகிடுவென்று வளர்ந்ததற்கு அதில் படம் போட்டு விளக்கம் இருந்தது. கன்னையன் வெள்ளைத் துணியை உருவுகிற போட்டோவைச் சட்டம் போட்டு முதலாளி தன் ஆபீசில் மாட்டினார். அதிகாரிகள் வந்தால் காட்டுவார், நம்ம ரூமில் வளர்ந்த பையன் என்று சொல்வார். தொட்டில் ரூமில் மற்ற பிள்ளைகளுக்குப் பழைய பாடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பமானது. தடுப்புப் பலகையையும் ஆணி அடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த ஆணியை முன்பே அடித்திருந்தால் இந்தப் பாடமே தேவையிருந்திருக்காது. அதை ஆராய்ச்சி செய்ய யாரும் பெட்டியோடு வரவில்லை.

வேலாத்தாள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். திருப்பூரில் சமாச்சாரம் துணியைவிட வேகமாகப் போகும். அவள் பெயரைச் சொன்னதுமே சிரித்தார்கள். கடைசியில் பல்லடம் ரோட்டில் புதிதாக ஆரம்பித்த ஒரு சின்னக் கம்பெனியில், சுப்பண்ணன் என்ற மேஸ்திரி ஆள் எடுப்பதாகத் தெரிந்து போனாள். அங்கே தொட்டில் ரூம் எல்லாம் கிடையாது. பிள்ளையை மேஜைக்கு அடியில் உட்காரவைத்துக்கொள்ளலாம். சுப்பண்ணன் அவளுடைய வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த கன்னையனை மேலும் கீழும் பார்த்தார்.

“பையன் துணியத் தொடுவானா?”

“தொடமாட்டானுங்க” என்றாள் வேலாத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் நஞ்சப்பனின் பனியனை விரித்து, அதற்கடியில் வெல்லத்தை வைத்தாள். கன்னையனுக்கு ஒரே குதூகலம், இந்த விளையாட்டு விளையாடி நாளாகிவிட்டது. ஓடி வந்து துணியில் கை வைத்தான். மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

“சூடு” என்றாள்.

அவன் அழவில்லை. அம்மா ஏதோ தெரியாமல் செய்துவிட்டாள் என்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் கை வைத்தான். மறுபடியும் அடித்தாள், இந்தத் தரம் வலிக்கும்படி. அவன் அழுதான். அவளும் அழுதாள், ஆனால் கையை நிறுத்தவில்லை. திங்கட்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கன்னையன் துணிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். துணியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வெல்லம் இருந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருந்தது. ஓர் எறும்பு வந்து, ஓரத்தில் கொஞ்சம் தயங்கி, துணிக்கு அடியில் நுழைந்தது. கன்னையன் அது உள்ளே போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் என்ன இருக்கிறது என்று எறும்புக்கும் தெரிந்திருந்தது, அவனுக்கும் தெரிந்திருந்தது.

“எஞ்சாமி கெட்டிக்காரன்” என்றாள் வேலாத்தாள்.

துணியை விலக்கி, எறும்பை ஊதிவிட்டு, வெல்லத்தை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கையையும் முன்னால் கொண்டுவரவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்கிக்க சாமி” என்று அவள் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தான்.